வெள்ளீயமா, காரீயமா?
வீட்டுக்குள் வரும் ஈயமும் நம் குழந்தைகளின் நலமும்

தொம்மலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் ஈயச்சொம்பு இருந்தது. கல்யாணமாகி நான் பெங்களூருக்கு வந்தபோது ஊரிலிருந்து கொண்டு வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. வீட்டில் ரசம்னா அந்தச் சொம்பு ரசம்தான். வருகிற விருந்தாளிகள் எல்லாம், "என்ன இருந்தாலும் ஈயச்சொம்பு வாசனையே தனி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பேரனுக்கு ஒரு வயது ஆனதும், பருப்பு சாதத்தோடு ரசமும் ஊற்றிப் பிசைந்து கொடுக்க ஆரம்பித்தோம். ஒருநாள் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அத்தை, ஈயம்னா லெட் தானே? லெட் குழந்தைங்களுக்கு விஷம்னு சொல்றாங்களே. இதுல வெச்ச ரசத்தைக் கொடுக்கலாமா?"

"அதெல்லாம் இல்லேம்மா, இது வேற ஈயம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அது எந்த ஈயம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முப்பது வருஷமாகப் புழங்கிய பாத்திரம் எதனால் ஆனது என்று தெரியாமலே புழங்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு படித்தும், டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின் என்பார்கள். மற்றொன்று காரீயம், அதுதான் லெட். சித்த மருத்துவத்திலும் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளீயம் உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. காரீயம் அப்படியல்ல. உடம்புக்கு அதனால் எந்த உபயோகமும் கிடையாது, கெடுதல் மட்டும்தான்.

ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் விலை குறைவு. இரண்டும் சுலபமாக உருகி ஒன்றோடொன்று கலந்துவிடும். கலப்படம் நுழைவது இந்த இடத்தில்தான். "அடுப்பில் வெறும் சொம்பை வைத்தால் உருகிவிடும், அதுதான் அசல் ஈயத்துக்கு அடையாளம்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது சரியான சோதனை அல்ல. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் சுமார் 327 டிகிரியில் உருகும். இரண்டும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். ஆகவே கலப்படச் சொம்பும் உருகத்தான் செய்யும்.

(இங்கே ஒரு சிறு விளக்கம்: பென்சிலுக்குள் இருப்பதையும் பேச்சு வழக்கில் காரீயம் என்கிறோம். அது கிராஃபைட் என்னும் கரி வகை. அதற்கும் இந்த விஷத்துக்கும் சம்பந்தமில்லை.)

குழந்தைகளை ஏன் அதிகம் தாக்குகிறது?

காரீயம் உடம்புக்குள் போனதும் கால்சியம் மாதிரி வேஷம் போடுகிறது. கால்சியம் போகிற இடமெல்லாம், அதாவது எலும்பு, பல், நரம்பு, மூளை எல்லாவற்றுக்கும் அது போகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டாகும் வேலையைத் தடுக்கிறது. அதனால் ரத்தசோகை வருகிறது. ரத்தத்தில் சேர்ந்த காரீயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதமாகும். எலும்பில் போய்ச் சேர்ந்ததோ பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிடும். பெண்கள் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போகிறதல்லவா? அதோடு பழைய காரீயமும் கிளம்பி, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்விடும். அம்மா சின்ன வயதில் வாங்கிய விஷம் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சீதனமாகப் போகிறது.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்கள் கிரகிப்பதைப்போல நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகள் கிரகித்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தவழும் வயதில் கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். மூளை வளர்கிற வயதும் அதுவே. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள குழந்தையின் உடம்பு இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு இரட்டை அடி.

இதில் பெரிய சங்கடம், வெளியே எதுவும் தெரியாது என்பது. அளவு மிக அதிகமானால்தான் வயிற்று வலி, மலச்சிக்கல், வாந்தி, வலிப்பு எல்லாம் வரும். குறைந்த அளவில் இருக்கும்போது பிள்ளை நன்றாகத்தான் ஓடி விளையாடும். ஆனால் கவனம் நிற்காது, படிப்பு ஏறாது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். "சுட்டித்தனம், போகப் போகச் சரியாயிடும்" என்று நாம் விட்டுவிடுவோம். அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த காரீயத்தை அளந்து 1979-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பல்லில் காரீயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு, நோய் அறிகுறி எதுவும் இல்லாதபோதே, அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைந்திருந்தன. இப்படிப் போன திறன் பிறகு முழுதாகத் திரும்பி வருவதில்லை.

ரத்தத்தில் காரீயத்தை ஒரு டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லிக்கு) இத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கிறார்கள். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1991-ல் 10 என்று வைத்திருந்த எல்லையை 2012-ல் 5 ஆகவும், 2021-ல் 3.5 ஆகவும் குறைத்தது. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கிடையாது.

நம் ஊரில் தொடங்கிய விழிப்பு

இந்தியாவில் இந்த விஷயத்தைப் பற்றி முதலில் உரக்கப் பேசிய ஊர்களில் நம் பெங்களூர் முக்கியமானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாந்தி பவன் பள்ளியை நிறுவிய ஆபிரகாம் ஜார்ஜ் அவர்களின் ஜார்ஜ் ஃபவுண்டேஷன், 1990-களின் பிற்பகுதியில் சென்னை, பெங்களூர் உள்ளிட்ட பெருநகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அன்றைய எல்லையான 10-க்கு மேல் காரீயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரிலேயே இதற்காகச் சர்வதேச மாநாடு ஒன்றும் கூடியது.

தொம்மலூரிலிருந்து உள்வட்டச் சாலையைப் பிடித்தால் கோரமங்கலா. அங்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் அவர்களின் முயற்சியால், காரீய நஞ்சுக்கான தேசியப் பரிந்துரை மையம் அங்கே உருவானது. தினம் பஸ்ஸில் கடந்துபோகிற கட்டிடத்தில் இவ்வளவு பெரிய வேலை நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்போது முதல் குற்றவாளி பெட்ரோல். எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1920-களிலிருந்து பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்து வந்தார்கள். அது புகையாக வந்து தெருப் புழுதியில் படிந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் காரீயமில்லாத பெட்ரோல் மட்டுமே விற்பனையாகிறது. கடைசியாக மிஞ்சியிருந்த அல்ஜீரியாவும் 2021-ல் நிறுத்திவிட்டது. ஒரு பெரிய வாசல் மூடப்பட்டது என்பது உண்மை. ஆனால் எல்லா வாசலும் மூடப்படவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், சராசரி அளவு 11.4 ஆக இருந்தது. அளவு கூடக்கூட கவனக்குறைவும் பதற்றமும் கூடுவதாக ஆசிரியர்கள் தெரிவித்திருந்தார்கள். 2020-ல் யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளுக்கு 5-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டது. பெட்ரோல் போன பிறகும் இது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, நாம் நம்பி வீட்டுக்குள் விடுகிற சாமான்களிலிருந்துதான்.

வீட்டுக்குள் எங்கெங்கே?

பாத்திரங்கள்: புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் இவையெல்லாம் அமிலம் உள்ளவை. அமிலமும் சூடும் சேர்ந்தால் காரீயம் நன்றாகக் கரையும். நம் ரசத்தில் இரண்டும் உண்டு. ஆகவே கலப்பட ஈயச்சொம்பில் கொதித்த ரசம், கலப்பட ஈயம் பூசிய பித்தளையில் வைத்த புளிக்குழம்பு, மட்டமான மெருகு பூசிய பீங்கான் ஜாடியில் மாதக்கணக்கில் ஊறும் ஊறுகாய் மூன்றிலும் ஆபத்து ஒன்றேதான். பழைய உலோகங்களை உருக்கி வார்த்த இண்டாலியம் சட்டிகளும் இதில் சேரும். இந்த வகை அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்தும் பித்தளைப் பாத்திரங்களிலிருந்தும் காரீயம் கசிவதாக 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது.

மஞ்சள்: கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மங்கிப்போன மஞ்சளைப் பளபளக்க வைக்க லெட் குரோமேட் என்ற மஞ்சள் பெயிண்ட் நிறமியைச் சில இடங்களில் தடவுகிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாள நகரங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் ஏழில் ஒன்றில் கவலைப்படும்படியான காரீயம் இருந்தது. மிக மோசமானது பாட்னா. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பான கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்த ஊர்களில் சென்னையும் இருந்தது. குற்றம் பயிரிட்ட விவசாயியுடையது அல்ல, மெருகேற்றும் இடத்தில் நடப்பது. கண்ணைப் பறிக்கிற மஞ்சளைக் கண்டு மயங்க வேண்டாம்.

குங்குமமும் கண்மையும்: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் பயமில்லை. ஆனால் ஆரஞ்சுச் சிவப்பாக வரும் சிந்தூரத்தில் சில, காரீய ஆக்சைடு கலந்தவை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வீட்டில் செய்த கண்மை வேறு. காரீயத் தாதுக் கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வேறு. குழந்தையின் கண்ணில் இட்டது கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்குப் போகும்.

பெயிண்ட்: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், திண்ணைக் கம்பிகளில் பூசிய பெயிண்ட்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறது என்று 1904-லேயே ஒரு டாக்டர் எழுதினார். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய ஜன்னல் கம்பி, கதவு, தொட்டில், கிரில் கேட் இவற்றிலெல்லாம் பழைய பெயிண்ட் அடியில் இருக்கலாம். பொங்கலுக்கு முன்னால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோமே, அந்தத் தூசிதான் ஆபத்து. மலிவான கலர் பொம்மைகள், பெயிண்ட் பூசிய பிள்ளையார் சிலைகள் இவற்றையும் பார்த்து வாங்க வேண்டும்.

நாட்டு மருந்து: பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14 மருந்துகளில் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. பெயர்ச்சீட்டு இல்லாமல் பொட்டலத்தில் வரும் பஸ்பம், செந்தூரம் எதையும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இன்வெர்ட்டர் பாட்டரி: பெங்களூரில் கரண்ட் போகாத நாளேது? வீட்டுக்கு வீடு பாட்டரி இருக்கிறது. உலகில் இன்று எடுக்கும் காரீயத்தில் பெரும்பங்கு பாட்டரிக்குத்தான் போகிறது. பழைய பாட்டரியைக் கூட நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தெருவில் வருகிற பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டால், அது எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கப்படும். அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே உள்ள ஏழைப் பிள்ளைகள். புது பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளும் தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் சொம்பு. வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சொம்பை எடை போடுங்கள். ஒரு வாளி நிறையத் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துச் சொம்பைச் சாய்த்து முழுக்க அமிழ்த்தி, வழிகிற தண்ணீரைப் பிடித்து அளவுங்கள். ஒரு கிலோ சுத்த வெள்ளீயம் சுமார் 137 மில்லி தண்ணீரை வெளியேற்றும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் சுமார் 127 மில்லிதான் வரும். ஆனால் கலப்படம் நூற்றுக்கு ஐந்து என்று இருந்தால் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிதான். வீட்டு அளவையில் தெரியாது. எனவே இந்தச் சோதனை கெட்ட சொம்பைக் காட்டிக் கொடுக்கலாமே தவிர, நல்ல சொம்பு என்று சான்றிதழ் தராது. உலோகங்களை எக்ஸ்-ரே கருவியால் சோதிக்கும் ஆய்வகத்தில் கொடுத்தால் சொம்பு உடையாமல் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். அதுவரை குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எவர்சில்வர் ரசமே போதும்.

மஞ்சள், மிளகாய்த் தூளை உதிரியாக வாங்காமல், உணவுப் பாதுகாப்பு உரிம எண் போட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். விரலி மஞ்சள் வாங்கினால் மெருகேற்றாததாகப் பாருங்கள். பெயிண்ட் வேலை நடக்கும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பெயிண்ட்டை நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பாட்டரி, பற்றாசு, பெயிண்ட் வேலை செய்கிறவர்கள் வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கம் இதற்கும் மருந்துதான்.

சாப்பாட்டில் கால்சியமும் இரும்பும் இருந்தால் காரீயம் உடம்பில் ஏறுவது குறையும். கன்னடக்காரர்களின் ராகி முத்தே நம் கேழ்வரகுக் களிதானே? அதில் கால்சியம் நிறைய உண்டு. முருங்கைக்கீரை, பருப்பு, எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாம் நல்லது. ஆனால் உணவு துணை மட்டுமே. விஷம் வரும் வழியை அடைக்காமல் கீரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் லெட் அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படாது. வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்தினாலே அளவு இறங்கும். காரீயத்தை வெளியேற்றும் சிகிச்சை பொதுவாக 45-க்கு மேல் போனால்தான், அதுவும் ஆஸ்பத்திரி மேற்பார்வையில்.

இது நம்மால் ஆகாத காரியம் என்று நினைக்க வேண்டாம். பங்களாதேஷில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் உண்மையைச் சொன்னார்கள், அரசு சோதனை நடத்தி அபராதம் போட்டது, மக்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. 2021-ல் அது பூஜ்யம் ஆனது.

எங்கள் சொம்பு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆய்வகத்தில் கொடுத்தோம். வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருப்பதாக முடிவு வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் அந்த ரசத்தில் வளர்ந்தவர்கள். தெரியாமல் செய்ததுதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பேரனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, 3-க்குக் கீழேதான் இருந்தது. ஆரம்பத்திலேயே நின்றதற்குக் காரணம் மருமகள் கேட்ட ஒரு கேள்வி.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு, ஊரிலிருந்து வருகிற மஞ்சள், குங்குமம், சொம்பு எல்லாம் வெறும் சாமான் அல்ல, ஊரே வந்த மாதிரி. அந்தப் பாசம் இருக்கட்டும். அடுத்த முறை ஈயம் வாங்கும்போது மட்டும் எந்த ஈயம் என்று கேட்டு, சோதித்து வாங்குவோம். சின்னவர்கள் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று அவர்கள் வாயை அடைக்காமல் இருப்போம்.